உமிழ்நீர், காலை ஐந்தரை

கண் விழித்ததும் ஒரு குழாய்.
அரைமணி கழித்து இன்னொன்று.
அதுவரை பல் தேய்க்காதீர்கள், தேநீர் குடிக்காதீர்கள் என்று
தேயிலை பறிக்கிறவர்களின் வாசலில் நின்று
சொல்கிற வேலை எனக்கு.

கட்டபெட்டு தாண்டினால்
மூடுபனி ஜீப்பின் கண்ணாடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
போஜன் ஜன்னல் வழியே தலையை நீட்டி
வெள்ளைக் கோட்டை மோப்பம் பிடித்தபடி ஓட்டுவார்.
என் மடியில் ஐஸ் பெட்டி.
குளிரில் குளிரைக் காவல் காப்பது
கொஞ்சம் அபத்தம்தான்.

நாற்பத்தேழாம் எண்.
லூர்தம்மா என்று வைத்துக்கொள்வோம்,
அது அவள் பெயர் இல்லை.

"கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா?"
"நாட்டம்னா?"
"ஆசை."
"எது மேல?"
படிவத்தில் அதற்கு இடமில்லை.
பிறகு அவளாகவே சொன்னாள்:
"முன்னாடியெல்லாம் கை முதல்ல போகும்,
நான் பின்னால வருவேன்.
இப்ப கை நிக்குது.
கொழுந்தும் முத்தலும் ஒரே பச்சையாத் தெரியுது."
மூன்றை வட்டமிட்டேன்.
மூன்றுக்கு மேல் எண் இல்லை.

விடியும்போது உடம்பு தன்னை எழுப்பிக்கொள்ள
ஒரு அலை அனுப்புமாம், கார்டிசால்.
சிலருக்கு அது கரையை மீறும்.
சிலருக்குக் கணுக்கால்கூட நனையாது.
ஏன் என்று கேட்டால் டாக்டர் ஹாலன்
"தெரியாது" என்பார், கூச்சமே இல்லாமல்.
அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
இந்தச் சம்பளத்துக்கு இங்கே இருக்கிறேன்.

குன்னூர் ஆய்வகக் கதவில் பழைய சுவரொட்டி:
மூளையில் செரட்டோனின் குறைவு, அதனால் மனச்சோர்வு.
ஓரத்தில் யாரோ பென்சிலால்
'அவ்வளவு சுலபமா இருந்தா'
என்று எழுதியிருக்கிறார்கள்.
யாரோ இல்லை, நான்தான்.

அவளுக்குக் கொடுப்பது மருந்தா வெறும் மாவா,
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
நான் விழுங்குவதன் பெயர் மட்டும் எனக்குத் தெரியும்.
பதினொரு மாதம், காலை இட்லிக்குப் பின்.
என்னில் பாதி அதனால் திரும்பி வந்தது.
மீதிப் பாதி எதனால் வந்தது என்பதை
யாரும் ஆராயவில்லை.
ஆய்வகத்தில் யாருக்கும் சொல்லவுமில்லை.

ஐப்பசியின் நான்காம் வாரம்.
மண் சரிந்து பாதை பாதியாகியிருந்தது.
குழாயை உதட்டில் வைத்தபடி ஐந்து நிமிடம், ஆறு.
கோடு காய்ந்தே கிடந்தது.
"எச்சில்கூட வர மாட்டேங்குதே"
என்றாள், கடன் கேட்டு வந்தவனிடம்
கைவிரிக்கிற மாதிரி.

புளிப்பு எதையும் வாயில் போடக் கூடாது.
விதி ஒன்பது. அளவு கெட்டுவிடும்.
பேசக் கூடாது என்று விதி இல்லை.

"விக்கிப்பழம்" என்றேன்.
"கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல,
காகிதப் பொட்டலத்துல,
உப்பும் மொளகாத்தூளும் தூவி..."

என்னைப் பார்த்தாள்.
தாடைக்கு அடியில் ஏதோ நகர்ந்தது.
"பல்லு கூசுது."
குழாயில் ஒரு குமிழி, பிறகு நூலாக,
கோடு வரைக்கும்.
சிரித்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும்.
சிரிக்கவில்லை.
குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
யாருடையதோ என்பதுபோல் பார்த்தாள்.

விலகல் குறிப்பில் எழுதினேன்:
பழத்தைப் பற்றிப் பேசப்பட்டது.
"கணக்கில் சேராது" என்றார் டாக்டர்.
நியாயம்தான்.
மைனஸ் எண்பதில், கடைசி அடுக்கில்
அது இன்னும் உறைந்திருக்கிறது,
யாருக்கும் தேவைப்படாத ஒரு மில்லி.

அடுத்த செவ்வாய்.
நாட்டமின்மை: மூன்று.
தூக்கம்: மூன்று.
ஐஸ் பெட்டியை மூடி எழுந்தபோது
கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்:

"அந்தப் பொட்டலம் இப்ப என்ன வெலை?"

பத்து ரூபாய் இருக்கும் என்றேன்.
எனக்கும் சரியாகத் தெரியாது.